பத்துக்குப் பத்து ரூமில் வவ்வால் மீன் வெளிச்சம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனை கேள்விகளும் வந்தன. படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு டீ கிளாஸ், பின்னால் இருட்டு, இருட்டில் சிவப்பும் மஞ்சளுமாக இருபது முப்பது வவ்வால் மீன்கள் நீந்துகின்றன. கம்ப்யூட்டரில் வரைந்தது என்று பாதிப் பேர் நினைத்தார்கள். அந்த மீன்கள் சீரியல் பல்புகள். வடிவம் கொடுத்தது லென்ஸ் முன்னால் வைத்த கருப்பு அட்டை. ஒரே கேள்விக்குத் தினமும் பதில் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இதற்கு என்ன பெயர்? பொக்கே என்கிறார்களே, பூங்கொத்தா?

கல்யாண மேடையில் கையில் திணிக்கிற பொக்கே வேறு. இது ஜப்பானியச் சொல், போகே. மங்கல், கலங்கல் என்று பொருள். படத்தில் ஃபோகஸ் இல்லாத பகுதி எப்படிக் கலங்கித் தெரிகிறது என்பதைச் சொல்லும் வார்த்தை. ஆங்கிலத்தில் இதன் கடைசியில் ஒரு ‘எச்’ சேர்த்து எழுதும் வழக்கம் 1997-இல் ஓர் அமெரிக்கப் புகைப்படப் பத்திரிகையிலிருந்து பரவியது. அதன் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன், ‘போக்’ என்று தப்பாகப் படித்துவிடப் போகிறார்களே என்று சேர்த்த எழுத்து அது. நாம் தமிழில் எழுதுவதால் அந்தக் கவலை இல்லை. ‘வடிவ போகே’ என்றால் அந்தக் கலங்கல் வட்டத்தை நாம் விரும்பிய வடிவத்துக்கு மாற்றுவது.

அட்டையில் மீனை வெட்டினால் படத்தில் ஒரே ஒரு பெரிய மீன்தானே வரவேண்டும்? எப்படி ஒவ்வொரு பல்பும் மீனாகிறது?

எல்லாரும் கேட்கிற கேள்வி, எனக்கும் ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம்.

மத்தியான வெயிலில், கூரையின் ஆணி ஓட்டை வழியாகத் தரையில் காசு காசாக வெளிச்சம் விழும். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான். காரணம், அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் வடிவம். 2019 டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம் பிடித்தபோது எங்கள் வீட்டுத் தரையில் இருந்த காசுகள் எல்லாம் பிறைகளாக மாறின. ஓட்டைகள் அப்படியேதான் இருந்தன, மேலே சூரியன்தான் பிறையாகியிருந்தது. ஓட்டை ரொம்பச் சிறியதாக இருந்தால் விளக்கின் வடிவம் விழும் என்பது அதன் கணக்கு.

லென்ஸில் நடப்பது அதற்கு நேர் எதிர். சீரியல் பல்பு புள்ளி அளவுதான். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸின் ஓட்டை முழுவதையும் நிரப்பிக்கொண்டு உள்ளே போகிறது. ஃபோகஸில் இருந்தால் எல்லாம் மறுபடி ஒரு புள்ளியில் கூடிவிடும். ஃபோகஸ் தப்பினால் கூடாமல் விரிந்தபடியே கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும், அப்படி விழும்போது ஓட்டையின் வடிவத்தைச் சுமந்துகொண்டு விழும். விளக்கு சிறியதாக இருப்பதால் ஓட்டையின் வடிவம் தெரிகிறது. ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக இதைச் செய்வதால் பல்புக்கு ஒரு மீன். ஃபோகஸில் இருக்கும் டீ கிளாஸுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, கொஞ்சம் இருட்டாகும், அவ்வளவுதான்.

அட்டை வைக்காமலே இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேனானின் பழைய 50 எம்எம் 1.8 லென்ஸில், ஓட்டையைச் சுருக்கி விரிக்க உள்ளே ஐந்து இதழ்கள். ஓட்டையைச் சுருக்கி எஃப் 4-க்குக் கொண்டுபோனால் பின்னால் இருக்கும் விளக்கெல்லாம் ஐங்கோணமாக வரும். கம்பெனிக்காரர் ஐங்கோணம் வெட்டிக் கொடுத்தார், நாம் மீன் வெட்டுகிறோம்.

எங்கள் வீடு மொத்தமே பத்துக்குப் பத்து ஹால், ஒரு சமையல்கட்டு. இதற்குப் பெரிய இடம் வேண்டாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான்.

‘பின்னணியை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்’ என்றுதான் எங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு நானும் ஹாலில் இடம் போதவில்லை என்று சந்தில் இறங்கி எடுத்துப் பார்த்தேன். பைக் வந்தது, பக்கத்து வீட்டு அத்தை தண்ணீர்க் குடத்தோடு வந்தார், நாய் வந்தது. மீன் மட்டும் பெரிதாகவில்லை. பிறகுதான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

மீனின் பருமனை முடிவு செய்வது முக்கியமாக ஒரு தூரம்தான்: கேமராவுக்கும் டீ கிளாஸுக்கும் உள்ள தூரம். அதைப் பாதியாக்கினால் மீன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பல்புகளின் தூரத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கிளாஸ் இருக்கும் தூரத்தைப்போல் இரண்டு மடங்கில் பல்பு இருந்தால் அதிகபட்சப் பருமனில் பாதி கிடைக்கும். ஐந்து மடங்கில் இருந்தால் 80 சதவீதம். அதற்கு மேல் காசிமேடு கடற்கரை வரைக்கும் பல்பைக் கொண்டுபோய்க் கட்டினாலும் மிச்சமிருக்கும் 20 சதவீதம்தான் கூடும்.

கிளாஸை லென்ஸிலிருந்து 45 சென்டிமீட்டரில் வைத்தால் ஐந்து மடங்கு என்பது இரண்டேகால் மீட்டர், சுமார் ஏழரை அடி. பத்தடி ஹாலில் ஏழரை அடி இருக்கிறது, கதவோரம் நீங்கள் உட்கார இரண்டரை அடி மிச்சமும் இருக்கிறது. பீரோவை மட்டும் நகர்த்தாதீர்கள், சண்டை வரும்.

ஆள் படம் என்றால் கதை மாறும். முகம் முழுதாக வர ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். மீன்கள் சிறுத்துப்போய் நெத்திலி ஆகிவிடும். சின்ன வீட்டில் சின்னப் பொருள்களை எடுங்கள்: டீ கிளாஸ், மோதிரம், கொலு பொம்மை, குழந்தையின் கை.

எந்த லென்ஸ் வேண்டும்? கேமராவோடு வந்த 18-55 போதாதா?

50 எம்எம் 1.8 இருந்தால் அதை எடுங்கள். வாடகைக்கு எடுத்தாலும் சரி, கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடம் ஒரு ராத்திரிக்கு வாங்கினாலும் சரி. காரணம் எளிய வகுத்தல். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 மில்லிமீட்டர் வரும். அதுதான் அந்த லென்ஸ் ஒளியை வாங்கும் வாயின் அகலம். நீங்கள் வெட்டும் வடிவம் இந்த 28-க்குள் அடங்க வேண்டும். 35 எம்எம் 1.8 என்றால் வாய் 19 மில்லிமீட்டர். 85 எம்எம் 1.8 என்றால் 47.

18-55 லென்ஸில் 55-இல் வைத்தால் எஃப் 5.6, வாய் பத்து மில்லிமீட்டர் கூட இல்லை. அதற்குள் ஆறு ஏழு மில்லிமீட்டரில் மீனை வெட்ட வேண்டும். முடியாது என்று சொல்லமாட்டேன், பொருளை ரொம்ப நெருக்கத்தில் வைத்தால் வடிவம் தெரியும். ஆனால் இருட்டு, கூடவே ஆறு மில்லிமீட்டரில் வால் வெட்டும் பொறுமை எனக்கு இல்லை. நட்சத்திரம், முக்கோணம் மாதிரி எளிய வடிவங்களோடு முயற்சி செய்யுங்கள்.

எவ்வளவு பெரிதாக வெட்டுவது?

50 எம்எம்முக்கு 15 மில்லிமீட்டர், நீளவாக்கில். முதல் தடவை நான் பெருமையாக மூன்றரை சென்டிமீட்டரில் ஒரு இதயம் வெட்டினேன். ராத்திரி பத்து மணி முதல் பன்னிரண்டு வரை எடுத்ததில் வந்ததெல்லாம் வட்டம், வட்டம், வட்டம். 35 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் 28 மில்லிமீட்டர் வாய் ஏறக்குறைய முழுதாகத் தெரிந்தால் வட்டம் வராமல் என்ன வரும்? உங்களுக்கும் வட்டமே வருகிறது என்றால் முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள்.

ரொம்பச் சிறியதாகவும் வேண்டாம். மீனும் சின்னதாகும், ஒளியும் வற்றும்.

எப்படி வெட்டுவது? எந்த வடிவம் நன்றாக வரும்?

கருப்பு சார்ட் ஒன்று வாங்குங்கள், இரண்டு பக்கமும் கருப்பாக இருப்பதாகப் பார்த்து. ஒரு பக்கம் சாம்பல் நிறமாக இருந்தால் அந்தப் பக்கம் பட்டுத் திரும்பும் வெளிச்சம் படத்தை வெளிறச் செய்யும். லென்ஸ் மூடியை அட்டைமேல் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றி வரைந்து வட்டத்தை வெட்டுங்கள். நடுப்புள்ளி முக்கியம், ஓட்டை ஓரத்துக்கு ஒதுங்கினால் படத்தில் பாதி மீனுக்கு வால் இருக்காது. கத்தரிக்கோல் சரிப்படாது. பிளேடு கட்டர் புதிதாக இருக்கட்டும், கீழே பழைய காலண்டர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். பிசிறு விட்டால் பிசிறும் படத்தில் தெரியும்.

வடிவத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். கடலுக்குப் போகிறவர். நான் நீளமாக, அழகாக வஞ்சரம் மாதிரி ஒன்றை வெட்டி எடுத்த படத்தைக் காட்டினேன். போனை வாங்கி எட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாடா இது, கம்பாட்டம் கீது?”

“மீன்ணே. வஞ்சரம்.”

“வஞ்சரத்தை எவன்டா இவ்ளோ தூரத்திலிருந்து கண்டுபிடிப்பான்? வவ்வாலை வெட்டு. அகலமா, தட்டையா, வாலு கவட்டையா இருக்கும். பாத்தவன் பட்டுனு சொல்லுவான்.”

அவர் சொன்னது ஒளிக்கணக்குப்படியும் சரி. ஒவ்வொரு மீனும் படத்தில் கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியப்போகிறது, ஓரமெல்லாம் கொஞ்சம் கரைந்துதான் வரும். மெல்லிய உருவம் அதில் கோடாகிவிடும். உடல் அகலமாக, வெட்டு ஆழமாக இருக்கும் வடிவம்தான் நிற்கும். வாலுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை நிஜ வவ்வாலில் இருப்பதைவிட ஆழமாக வெட்டினேன். கண் வைக்காதீர்கள், தெரியாது.

கிராஃப்ட் பஞ்ச் என்று ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். இதயம், நட்சத்திரம், பட்டாம்பூச்சி எல்லாம் ஒரே அழுத்தில் பிசிறில்லாமல் வெட்டித்தரும். பிளேடு பிடிக்கப் பயமாக இருந்தால் அது நல்ல வழி.

பெயரின் முதல் எழுத்தை வெட்டித்தரச் சொல்லிப் பிறந்தநாளுக்குக் கேட்கிறார்கள். ப, ட, ய சுலபம். அ, ண, ஞ போன்றவற்றில் சுழிக்குள் மூடிய பகுதி இருக்கிறது, வெட்டியதும் அது தனியாகக் கழன்று விழுந்துவிடும். அதை ஒரு சின்ன அட்டைப் பாலத்தால் பிடித்து நிறுத்த வேண்டும். 15 மில்லிமீட்டருக்குள் பாலம் கட்டும் வேலை வேண்டாம் என்று நினைத்தால் குழந்தைக்கு ஒரு நட்சத்திரம் வெட்டுங்கள், கோபித்துக்கொள்ளாது.

அட்டையை லென்ஸில் எப்படிப் பொருத்துவது? செலோடேப் ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். நம் ஊர் வெக்கையில் அரை மணி நேரத்தில் பசை இளகி லென்ஸ் வளையத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் தூசி. துறைமுகம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டை வட்டத்தைச் சரியான அளவில் வெட்டினால் லென்ஸின் முன் மரைக்குள் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். இல்லையென்றால் உதிரியாக ஒரு லென்ஸ் மூடி வாங்கி அதன் நடுவைக் குடைந்து எடுத்துவிட்டு, உள்ளே அட்டையை வைத்து மாட்டுங்கள். பல வடிவங்களை மாற்றி மாற்றி வைக்க இதுதான் வசதி. ஒன்று மட்டும்: அட்டை லென்ஸ் கண்ணாடிக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஓரத்தில் இடுக்கு விட்டால் அதன் வழியாகவும் வெளிச்சம் புகுந்து மீனைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் வரும்.

ரெடிமேடாக ஒரு பிளாஸ்டிக் செட் ஒரு கடையில் வாங்கினேன். எந்த லென்ஸுக்கும் பொருந்தும் என்றார்கள். என் லென்ஸின் மரை 49 மில்லிமீட்டர், அந்த செட்டின் வளையம் அதைவிடப் பெரிது, லொடலொடவென்று ஆடியது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்த வடிவங்களைப் பார்த்து அட்டையில் வரைந்துகொண்டதோடு காசைத் தேற்றிக்கொண்டேன்.

சாமான்கள் எங்கே கிடைக்கும்?

சார்ட், கட்டர் எல்லாம் தெருமுனை ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். விதவிதமான கனமான கருப்பு அட்டை வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு, கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. சீரியல் லைட்டுக்குத் தீபாவளிக்கு முன்னால் பூக்கடை பக்கம் பிளாட்பாரத்தில் ஒரு நடை. அங்கே வாங்கும்போது போட்டுக் காட்டச் சொல்லி, எல்லாப் பல்பும் எரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த சீரியல் லைட்? பல்பு நெருக்கமாக இருக்க வேண்டுமா?

நெருக்கமாக இருக்கவே கூடாது. நிறைய பல்பு இருந்தால் நிறைய மீன் என்று நினைத்து இரண்டு சரத்தைப் பின்னித் தொங்கவிட்டேன். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் மீன் குழம்பாகிவிட்டது.

கணக்கு இருக்கிறது, எளிதுதான். கிளாஸிலிருந்து பல்பு வரை உள்ள தூரத்தைக் கேமராவிலிருந்து கிளாஸ் வரை உள்ள தூரத்தால் வகுங்கள், வருவதை ஓட்டையின் அளவால் பெருக்குங்கள். கிளாஸ் 50 சென்டிமீட்டரில், பல்புகள் அதற்கு 2 மீட்டர் பின்னால் என்றால் நான்கு மடங்கு. 15 மில்லிமீட்டர் மீன் அந்தச் சுவரில் 60 மில்லிமீட்டர் இடத்தை அடைக்கும். ஆக, பல்புக்குப் பல்பு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். பல்புகள் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் சரம் என்றால் தாராளம். சரத்துக்குச் சரமும் அதே இடைவெளி விடுங்கள். ரைஸ் லைட் என்று விற்கும் பொடிப் பல்புச் சரம் இந்தக் கணக்கில் தோற்றுவிடும்.

துணிக்கொடியில் ஒரு கருநீலப் புடவையைப் போட்டு அதன்மேல் சரத்தைத் தொங்கவிடுங்கள். வெளிர்பச்சை டிஸ்டெம்பர் சுவரில் நேராகத் தொங்கவிட்டால் பல்பைச் சுற்றிச் சுவர் ஒளிர்ந்து மீனின் ஓரத்தை மழுங்கடிக்கும்.

ஷாக் அடிக்குமா?

அடிக்கும். சாதாரணமாகப் பார்க்காதீர்கள். மலிவான சரங்களில் பல பல்புகளை வரிசையாகக் கோத்து 230 வோல்ட்டை நேராகவே கொடுத்திருப்பார்கள். பல்பு சின்னதாக இருப்பதால் கரன்டும் சின்னது என்று அர்த்தமில்லை. ஒயர் உரிந்த இடம் இருந்தால் அந்தச் சரத்தைத் தூக்கிப்போடுங்கள். இரும்பு ஜன்னல் கம்பியில் சுற்றாதீர்கள். மழைக்காலத்தில் ஈரத் துணி காயும் அதே கொடியில் கட்டாதீர்கள். சரத்தை நகர்த்துவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. குழந்தை இருக்கும் வீட்டில் யூஎஸ்பியில் அல்லது பேட்டரியில் எரியும் சரம்தான் சரி, வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும்.

கேமரா செட்டிங் சொல்லுங்கள்.

அபர்ச்சரை, அதாவது லென்ஸ் ஓட்டையின் எஃப் எண்ணை, இருப்பதிலேயே சின்ன எண்ணில் வையுங்கள், 1.8 என்றால் 1.8. இதைக் கூட்டினால் உள்ளே இதழ்கள் மூடி, நீங்கள் பாடுபட்டு வெட்டிய மீனின் வாலையும் மூக்கையும் வெட்டிவிடும்.

ஷட்டர் 1/50 வினாடி. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. சீரியல் பல்பு தொடர்ந்து எரிவதுபோலக் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதன் வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. 1/500 வைத்தால் சில படத்தில் பல்புகள் இருக்கும், சில படத்தில் காணாமல்போயிருக்கும். எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் சரத்தைத் திட்டினோம், குற்றம் ஷட்டருடையது. சரத்தில் பட்டன் பெட்டி இருந்தால் ஓடுவது, மினுக்குவது எல்லாவற்றையும் தாண்டி, நிலையாக எரியும் மோடில் நிறுத்துங்கள்.

ஐஎஸ்ஓ, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவு, கூடத்தான் செய்யும். 28 மில்லிமீட்டர் வாயின் பரப்பு சுமார் 600 சதுர மில்லிமீட்டர். என் வவ்வாலின் பரப்பு 100 இருக்கும். ஆறில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகிறது. அட்டையில்லாமல் 400-இல் எடுப்பதை அட்டையோடு 2500 வரை ஏற்ற வேண்டியிருக்கும். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், வரட்டும்.

பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா தானாக அதை வெளுக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். மீன்கள் வெள்ளையாக வெந்துபோகாமல் அவற்றின் சிவப்பும் பச்சையும் நிற்கும்.

முன்னால் இருக்கும் பொருளுக்குத் தனியாகக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். போன் டார்ச்சின்மேல் அப்பாவின் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகப் போர்த்திப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

ஃபோகஸ் ஆகாமல் முன்னும் பின்னும் ஓடுகிறதே?

ஓட்டை சின்னது, அறை இருட்டு, ஆட்டோஃபோகஸ் திணறத்தான் செய்யும். அட்டையைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸ் பக்கவாட்டில் உள்ள சுவிட்சை எம்எஃப்-க்கு, அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு, தள்ளுங்கள். அட்டையை மெதுவாக மாட்டுங்கள். கேமரா ஸ்டாண்ட் இல்லையென்றால் இரண்டு பாடப் புத்தகம், ஒரு அரிசிப் பை போதும். இதில் ஒரு லாபமும் உண்டு: ஓட்டை சிறுத்துவிட்டதால் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடும், அட்டையில்லாமல் எடுப்பதைவிட ஃபோகஸ் சின்னத் தப்பை மன்னிக்கும்.

50 எம்எம்மை எவ்வளவு கிட்டே கொண்டுபோகலாம் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். கேனான் எஸ்டிஎம் 35 சென்டிமீட்டர் வரை, நிக்கான் 1.8ஜி 45 வரை. அதற்கும் கிட்டே போனால் ஃபோகஸே ஆகாது.

நடுவில் மீன் நன்றாக இருக்கிறது, ஓரத்தில் இருப்பவை அரைகுறையாக வெட்டுப்பட்டிருக்கின்றனவே?

ஓரத்துப் பல்புகளின் ஒளி சாய்வாக வருகிறது. லென்ஸ் குழலின் விளிம்பு அதில் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. அட்டையைக் கண்ணாடிக்கு நெருக்கமாக்குங்கள், ஓட்டையை இரண்டு மில்லிமீட்டர் குறைத்துப் பாருங்கள். அப்படியும் மூலையில் இருப்பவை முழுதாக வராது. பல்புகளை நடுப்பகுதியில் மட்டும் தொங்கவிட்டு ஓரத்தை இருட்டாக விடுவதுதான் என் வழி.

மீன் இடது பக்கம் போகவேண்டும் என்று வெட்டினேன், வலது பக்கம் போகிறது. ஏன்?

லென்ஸ் எல்லாவற்றையும் கவிழ்க்கும், அதனால் மீனும் கவிழும் என்று நினைத்து நான் தலைகீழாக மாட்டிப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. பொருளுக்குப் பின்னால் இருக்கும் விளக்குகளில், கேமராவுக்குப் பின்னால் நிற்கும் உங்கள் கண்ணுக்கு அட்டை எப்படித் தெரியுமோ அப்படியே மீன் வரும். லென்ஸ் முன்னால் வந்து நின்று பார்த்து மாட்டினால் இடவலம் மாறத்தான் செய்யும். எழுத்து வெட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ‘ட’ திரும்பி நின்றால் பிறந்தநாள் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

இதிலே ஒரு வேடிக்கை. பொருளுக்கு முன்னால், லென்ஸுக்கும் கிளாஸுக்கும் நடுவே ஒரு பல்பு வந்துவிட்டால் அந்த மீன் மட்டும் தலைகீழாக வரும். ஃபோகஸுக்குப் பின்னால் இருக்கும் ஒளி சென்சாருக்கு வருமுன்பே கூடிக் குறுக்கே கடந்துவிடுகிறது. முன்னால் இருப்பதன் ஒளி கடக்காமலே வந்து விழுகிறது. என் ஒரு படத்தில் எல்லா மீனும் இடது பக்கம் நீந்த, ஒன்று மட்டும் வயிறு மேலே தெரிய மல்லாந்து வலது பக்கம் பார்க்கிறது. அண்ணன் பார்த்துவிட்டு, “அது செத்த மீனு, ஐஸ்ல போடு” என்றார்.

போனில் முடியாதா?

இந்த முறையில் முடியாது. போன் கேமராவின் வாய் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அதற்குள் இரண்டு மில்லிமீட்டரில் மீன் வெட்டினாலும் கலங்கல் அவ்வளவு பெரிதாக வராது. போர்ட்ரெய்ட் மோட் என்பது எடுத்தபின் மென்பொருள் போடும் மங்கல், அட்டை வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. வடிவ விளக்கு போடும் ஆப்கள் இருக்கின்றன, வேண்டுமானால் அதில் விளையாடலாம்.

எடிட்டிங்கிலேயே மீனைச் சேர்த்துவிட்டால் என்ன? எதற்கு இந்தப் பாடு?

சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் அங்கே ஒரே மீன் முப்பது இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இங்கே நடுவில் இருப்பது முழுதாக, ஓரத்தில் இருப்பது கொஞ்சம் வால் குறைந்து, கிளாஸ் விளிம்பில் மறைவது பாதியாக, டீயின் ஆவி பட்டது மங்கலாக, ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு. எனக்கு அந்த வேறுபாடு பிடிக்கிறது. உங்களுக்கு நேரம் முக்கியம் என்றால் எடிட்டிங்குக்கே போங்கள்.

சீரியல் லைட் இல்லாமல் வேறு எதை வைத்து எடுக்கலாம்?

புள்ளியாக ஒளிரும் எதுவும் போதும். பிரியாணி பார்சல் சுற்றிவந்த அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, பிரித்து, சுவரில் மாட்டுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் அடித்தால் ஒவ்வொரு கசங்கலும் ஒரு விளக்காகும். செலவில்லாத வழி இதுதான், மின்சாரப் பயமும் இல்லை. எண்ணெய் துடைத்துவிட்டு மாட்டுங்கள், எறும்பு வரும்.

கார்த்திகைக்கு அகல் விளக்கு வரிசை. சுடர் ஓரிரு சென்டிமீட்டர் உயரம் இருப்பதால் மீன் கொஞ்சம் மேலே இழுத்தாற்போல வரும், அதுவும் அழகுதான். திரியைச் சின்னதாக வையுங்கள். புடவைத் திரைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

டியூப்லைட் உதவாது. அது புள்ளி இல்லை, நீளக்கோடு. மீனைக் கோடு முழுக்க இழுத்துப் பட்டையாக்கிவிடும்.

மொட்டை மாடி இருப்பவர்களுக்கு வடசென்னையே சீரியல் செட். ராயபுரம், காசிமேடு பக்கத்து மாடியிலிருந்து துறைமுகக் கிரேன்களின் விளக்குகள் தெரியும். திருவொற்றியூர் பக்கம் என்றால் 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ பாதையில், பாலமாகப் போகும் பகுதியின் விளக்கு வரிசை. அவ்வளவு தூரத்து விளக்கு என்றால் முன்னே சொன்ன மிச்சம் 20 சதவீதமும் கிடைத்துவிடும். கைப்பிடிச் சுவரில் கிளாஸை வைத்து, அரை மீட்டரில் கேமராவை வையுங்கள். துறைமுக எல்லைக்குள் அனுமதி இல்லாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், உங்கள் மாடியிலிருந்தே எடுங்கள். உப்புக் காற்று லென்ஸில் படியும், முடித்ததும் மெல்லிய துணியால் துடைத்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

கைக்குழந்தையை இப்படி எடுக்கலாமா?

எடுக்கலாம், குழந்தைக்கும் சரத்துக்கும் நடுவே ஏழடி இடைவெளி வைத்து. ஃபிளாஷ் வேண்டாம், மீன்களும் அதில் வெளிறிப்போகும். முகத்தை விட்டுவிட்டு உள்ளங்கையை எடுங்கள். முகத்துக்குத் தள்ளி நிற்க வேண்டும், கைக்கு 45 சென்டிமீட்டரில் போய்விடலாம். 1/50-இல் அசைந்தால் கலங்கும், ஆகவே தூங்கும்போது.

அக்கா மகளை அப்படித்தான் எடுத்தேன். விரல்கள் பாதி மடங்கி, பின்னால் மஞ்சள் வவ்வால்கள். பத்தாவது படத்தில் கரன்ட் போனது. இன்வெர்ட்டர் இல்லாத வீடு, ஃபேன் நின்றதும் அவள் எழுந்துவிட்டாள். ஒன்பதாவது படத்தைத்தான் பிரின்ட் போட்டு மாட்டியிருக்கிறோம்.